பத்மாசனி அக்காவின் ரொனிக்

எங்கள் மல்லாவிப் பக்கம் வைன் குடிக்கிறவர்கள் ஒருவரும் இல்லை. யாரையும் கேட்டுப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடாத சனம், கோயில் கொடியேறினால் சட்டி பானை மாற்றுகிற சனம், வைனா குடிக்கும்? ஆனால் பின்னேரத்தில் பத்மாசனி அக்காவின் வேலிப் படலையடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் விஷயம் தெரியும். வெறும் போத்தலைப் பைக்குள் சுற்றிக்கொண்டு வருவார்கள், நிறைந்த போத்தலைச் சுற்றிக்கொண்டு போவார்கள். கேட்டால் ரொனிக் என்பார்கள். உடம்புக்குச் சத்து மருந்தாம். பிள்ளை பெற்றவளுக்கு இரத்தம் ஊற ரொனிக், கிழவருக்குப் பசியெடுக்க ரொனிக், மூட்டு உளைவுக்கு ரொனிக், நித்திரைக்கு ரொனிக். இவ்வளவு வருத்தக்காரர் இருக்கிற ஊரில் ஆஸ்பத்திரியை ஏன் இன்னும் பெருப்பிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

நான் ரூபன். தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவன். எல்லார் வீட்டுக் கிணற்றடிக்கும் போய் வருகிறவன் என்பதால், எந்த அலுமாரியில் எந்தப் பால்மாப் பேணிக்குப் பின்னால் அந்தச் சிவத்தப் போத்தல் ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். நானும் அக்காவிடம் வாங்குகிறேன். "அக்கா, வைன் ஒரு போத்தல் தாங்கோ" என்று வாய் திறந்து கேட்டு வாங்குகிறேன். அந்த ஒரு காரணத்தால் ஊரில் குடிகாரன் என்று பெயர் எடுத்திருப்பது நான் மட்டும்தான்.

அக்காவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது சைப்பிரசில். புருசன் செத்த பிறகு, பிள்ளைகள் இரண்டையும் தாயோடு விட்டுவிட்டு அங்கே வீட்டு வேலைக்குப் போனவர். மலைப்பக்கத்து ஊர் ஒன்று. முதலாளி ஒரு சிடுமூஞ்சி, வைன் செய்து விற்கிறவன். அக்காவின் பெயரைக்கூடக் கடைசிவரை சரியாகச் சொல்லாதவன். அவன் வீட்டில் இரண்டு வைன் தாங்கிகள் இருந்தன. ஒன்று இளங்கொடிகளின் பழத்தில் செய்தது, விற்பதற்கு. மற்றது அவன் பாட்டன் காலத்துக் கொடிகளின் பழத்தில் செய்தது. அதை விற்க மாட்டான், பூட்டி வைத்துத் தான் மட்டும் குடிப்பான். வீடு கூட்டுகிறவளிடம்தானே திறப்பு இருக்கும்? அக்கா களவாய்க் குடித்துப் பார்த்தார். அதை மறைக்கவும் மாட்டார், கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

"இளங்கொடிப் பழத்தில செய்தது வாயில நிண்டிட்டுப் போயிடும் ரூபன். கிழட்டுக் கொடியின்ர அப்பிடியில்லை. விழுங்கின பிறகும் கதைச்சுக்கொண்டே இருக்கும்."

ஊருக்குத் திரும்பி வந்தவர் வீடு கட்டினார், பிள்ளைகளைக் கரை சேர்த்தார். மகன் நெளுக்குளத்தில், மகள் பளையில். இனிச் சும்மா இருந்து கோயில் குளம் என்று போயிருக்கலாம். அக்கா பஸ் ஏறி ஊரூராக முந்திரிகைப் பந்தல் தேடித் திரிந்தார். இந்தியக்காரர் திராட்சை என்கிறதை நாங்கள் முந்திரிகை என்கிறோம். எங்கே போனாலும் இளங்கொடிதான். எங்கள் தோட்டக்காரருக்குப் பழம் பெருத்தால் போதும். பசளையை அள்ளிக் கொட்டி, தண்ணீரை விட்டு, பழத்தைப் பலூன் மாதிரி ஊதிப் பெருப்பித்து விற்பார்கள். காய்ப்புக் குறைந்த கொடியை அடியோடு வெட்டி எறிந்துவிட்டுப் புதிது நடுவார்கள். அக்கா அந்தப் பழத்தை வாயில் போட்டு, "தண்ணியைத் தோலுக்குள்ள கட்டி விக்கிறாங்கள்" என்று துப்பிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறுவார்.

கடைசியில் அவர் தேடினது பக்கத்து ஒழுங்கையில், தங்கராசா அண்ணையின் கிணற்றடியில் நின்றது. குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்த காலத்தில், தங்கராசா அண்ணையின் தகப்பன் உரும்பிராயிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து நட்ட தடி அது. சண்டைக் காலத்தில் ஊர் எழும்பிப் போனபோது பந்தல் எரிந்தது, தண்ணீர் விட ஆளில்லை. கொடி பக்கத்துப் பூவரசில் ஏறித் தன்பாட்டில் இருந்தது. சனம் திரும்பி வந்து புதுப் பந்தல் போட்டபோதும் இருந்தது. அடிமரம் ஒரு ஆளின் கெண்டைக்கால் பருமன், மேலெல்லாம் உரிந்த பட்டை. குலை கொஞ்சம், பழம் சின்னன், தோல் தடிப்பு, உள்ளே விதை. சந்தையில் ஒருவரும் திரும்பியும் பார்க்காத பழம். தங்கராசா அண்ணை அதைச் சனியன் பிடித்த கொடி என்றுதான் சொல்லுவார்.

அந்தப் பழத்தை முதன்முதல் வாயில் போட்ட அன்று அக்கா கிணற்றுக் கட்டில் குந்திவிட்டாராம். தங்கராசா அண்ணையின் மனைவி சிவலட்சுமி பயந்துபோய், தலைச்சுற்றாக்கும் என்று தண்ணீர் கொண்டு ஓடினாவாம். இதை அவாவே எனக்குச் சொன்னா, ஏதோ பகிடி போல.

அன்றிலிருந்து அந்தக் கொடியின் பழம் முழுதும் அக்காவுக்கு. பழத்தை அவர் கழுவுவதில்லை. மேலே இருக்கிற வெள்ளைப் பூச்சுத்தான் அதைப் புளிக்க வைக்கிறது, கழுவினால் எல்லாம் போச்சு என்பார். பெரிய கண்ணாடிச் சாடியில் கையால் பிசைந்து போட்டு, குசினி மூலையில் ஈர மணலுக்குள் புதைத்து, மேலே எழும்புகிற தோலைக் காலையும் மாலையும் அகப்பையால் அமத்திவிடுவார். சீனி போடச் சொன்னால் அடிக்க வருவார். வேலை நடக்கிற நாட்களில் அவரோடு வேறு கதை கதைக்க முடியாது. சாடியில் காதை வைத்து நுரைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருப்பார். அடுப்பில் சோறு கருகும்.

அவருக்கு இருந்தது ஒரேயொரு ஆசை. அந்த வைனைப் பழக விட வேண்டும். சைப்பிரசுக்காரன் மூன்று நான்கு வருசம் தொடாமல் வைத்திருப்பானாம். இங்கே மூன்று மாதம் தாண்ட விட்டால்தானே? வடித்து முடியுமுன் வருத்தக்காரர் எல்லாரும் வந்துவிடுவார்கள். "பிள்ளை பெத்த வீடு, இல்லையெண்டு சொல்லாதேங்கோ" என்று ஒருத்தி. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது, தாய்க்கு இன்னும் இரத்தம் ஊறி முடியவில்லை. அக்காவுக்கு இளகின மனம். ஒவ்வொரு முறையும் சாடி வெறுமையாகிவிடும்.

"ஒருக்கா எண்டாலும் அது என்னவா வருதெண்டு பாத்திட்டுச் சாகவேணும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன ஆடியில் முதல் இடி விழுந்தது. தங்கராசா அண்ணையின் மகள் கிருசாந்தி கனடாவிலிருந்து போன் எடுத்தாள். பிள்ளைகளோடு வரப்போகிறாளாம், பிள்ளைகளுக்கு எங்கள் கக்கூசு ஒத்துவராதாம், அறையோடு சேர்த்து ஒரு பாத்ரூம் கட்டட்டாம். மூன்று வருசத்துக்கு ஒருக்கா வந்து இரண்டு கிழமை நிற்கிறவைக்கு வெள்ளைக்காரக் கக்கூசு. மேசன் வந்து நூல் பிடித்துப் பார்த்தான். குழி வருகிற இடத்தில் கொடி நின்றது.

"வெட்டி எறிஞ்சுபோட்டு வேலையைத் தொடங்கடாப்பா" என்றார் தங்கராசா அண்ணை. அவருக்கு அதில் ஒரு யோசனையும் இல்லை.

நான்தான் ஓடிப்போய் அக்காவுக்குச் சொன்னேன். அக்கா உடுத்த சேலையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். வெட்டாதேங்கோ என்று கெஞ்சியிருந்தால் தங்கராசா அண்ணை கேட்டிருக்க மாட்டார். அது அக்காவுக்கும் தெரியும். அதனால் அண்ணையின் ஆசை தீரப் புகழத் தொடங்கினார்.

"அண்ணை, உங்கட வளவில என்ன நிக்குதெண்டு உங்களுக்குத் தெரியுமோ? இப்பிடி ஒரு கொடி இந்த வன்னியில வேற இல்லை. நான் தேடாத இடமில்லை. நீங்கள் நினைக்கிறமாதிரி விஷயம் பழத்தில இல்லை, வேரில. எவ்வளவு காலமா இறங்கின வேர்! நிலத்துக்குள்ள இருக்கிற சத்தெல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. வேர்தான் அண்ணை எல்லாம்."

தன் வளவில் நிற்கிற எதையும் யாரும் புகழ்ந்து அந்த மனிசன் கேட்டதில்லை. அவருடைய தென்னை குரும்பட்டி கொட்டும், மாடு உதைக்கும். அவர் அப்படியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேசனைப் பார்த்தார். "டேய், கக்கூசுக் கிடங்கை மற்றப் பக்கம் மாத்து" என்றார். கொடி தப்பியது. அக்கா அன்று எனக்கு ஒரு போத்தல் சும்மா தந்தார். நானும் அவருடைய கெட்டித்தனத்தைப் புகழ்ந்தேன். அக்கா சொன்னது எல்லாம் உண்மைதான். ஆனால் அதை எப்படிப்பட்ட காதுகளுக்குச் சொல்கிறோம் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

தங்கராசா அண்ணை கோயிலில் சொன்னார், சங்கக் கடையில் சொன்னார், கிளினிக் வரிசையில் இருந்து சொன்னார். "என்ர கொடியின்ர வேரில இருக்காம் எல்லாச் சத்தும். வெளிநாட்டில படிச்சுப்போட்டு வந்த பத்மாசனி சொன்னது." வீடு கூட்டப் போனவரை அவர் படிக்கப் போனவராக்கிவிட்டார். சனத்துக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. இத்தனை காலமும் குடித்தபோது உடம்பு லேசானதும் சிரிப்பு வந்ததும் நித்திரை வந்ததும் எதனால் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஒத்துக்கொள்ள வாய் வராது. இப்போது வேர் கிடைத்துவிட்டது. ஒருவருக்கு முழங்கால் நோ நின்றது வேரால். இன்னொருவருக்குச் சீனி இறங்கினது வேரால். ஒரு வாத்தியார், படித்த மனிசன், தன் மனைவி இப்போது கோபப்படுவதில்லை என்றும் அதற்கும் வேர்தான் காரணம் என்றும் என்னிடமே சொன்னார்.

மாசி பிறந்தது. கொடியில் குலைகள் இறங்கி, பழம் நிறம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அக்கா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இந்த முறைப் பழம் இதுவரை இல்லாத திறம் என்றார். புதிதாக ஒரு சாடியும் வாங்கி வைத்தார். பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு படலையடிக்கு வந்த எல்லாரிடமும் சொன்னார்.

"இந்த முறை ஒருத்தருக்கும் இல்லை. வைச்சுப் பழக விடப்போறன். கோவிக்காதேங்கோ."

ஊர் கலங்கிப் போனது. தண்ணீர் வராவிட்டால்கூட இவ்வளவு கலங்காது. அந்த நேரம் பார்த்துத் தங்கராசா அண்ணைக்குக் கிளினிக்கில் சீனி ஏறியிருக்கு என்று சொல்லிவிட்டார்கள். சிவலட்சுமி அக்கா போனில் வேர்க்குடிநீர் வைக்கிற வீடியோக்கள் பார்க்கிறவா. அவா ஒரு கணக்குப் போட்டா. சத்து வேரில். வேர் எங்கள் கிணற்றடியில். பிறகு எதற்குப் பழம் பழுக்கும்வரை பார்த்து, அதைப் பத்மாசனியிடம் கொடுத்து, அவளிடம் போத்தலை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

அவர்கள் முறையாகத்தான் செய்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஐயரிடம் நாள் கேட்டு, கொடிக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்து, அடியில் மஞ்சள் நூல் கட்டி, கற்பூரம் கொளுத்தி, மூலிகை பிடுங்குகிறவர்கள் செய்கிறமாதிரி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பிறகு மண்வெட்டியால் கொத்தினார்கள். ஒரு பக்கத்து வேர் மட்டும் எடுப்பதாகத்தான் யோசனையாம். ஆனால் மணம் பிடித்த சனம் பையோடு வந்துவிட்டது. கேட்டவர்களுக்கு இல்லையென்று சொன்னால் மருந்து பலிக்காது என்று சிவலட்சுமி அக்கா மற்றப் பக்கத்தையும் கொத்தக் கொடுத்தா. கொத்தின கொத்தில் கிணற்றுக்குப் போகிற பம்ப் பைப்பும் உடைந்தது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது குழி முழங்கால் ஆழம். கொடி தன் பந்தலில் தொங்கிக்கொண்டு நின்றது, கீழே பிடிக்க ஒன்றுமில்லை. இலைகள் சோர்ந்து மடங்கியிருந்தன. குலைகள் பாதி பச்சை, பாதி சிவப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் பைப்பைப் போட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன். "உன்ர வேலையைப் பார்" என்றார் தங்கராசா அண்ணை. அவர் கையில் ஒரு கோப்பை, மண்ணிறத்தில் ஆவி பறக்கிற தண்ணீர்.

அக்காவை இந்த முறையும் நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். வருகிற வழியெல்லாம் அவர் நம்பவில்லை. "விளையாடாதை ரூபன்" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். குழியைக் கண்டதும் சைக்கிளை விட்டுவிட்டார், அது தானாக விழுந்தது. குழிக்குள் இறங்கி, வெட்டின இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

"ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"கவலைப்படாதையும் பிள்ளை" என்றார் தங்கராசா அண்ணை. "உம்மட பங்கு எடுத்து வைச்சிருக்கு." உள்ளே போய் ஒரு ஷொப்பிங் பையைக் கொண்டு வந்து நீட்டினார். நல்ல தடித்த வேர்த்துண்டுகளாகப் பொறுக்கிக் கழுவி வைத்திருந்தார். மனிசன் மனமார, அன்போடு கொடுத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

"நீர் சொல்லித்தானே எங்களுக்கே தெரியும்" என்றா சிவலட்சுமி அக்கா.

அக்கா பையை வாங்கினார். பிறகு ஒரு கத்தி கேட்டு வாங்கி, கொடியில் இருந்த குலைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். பழுக்காத காய்களையும் விடவில்லை. "உது புளிக்குமக்கா, விடுங்கோ" என்றேன். "கடைசிப் பழம்" என்றார்.

வேர்க்குடிநீர் குடித்தவர்களுக்கு நன்றாக வயிற்றால் அடித்தது. உடம்பு சுத்தமாகிறது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். தங்கராசா அண்ணையின் சீனி அடுத்த கிளினிக்கில் இன்னும் ஏறியிருந்தது. ஐயர் நாளைப் பிழையாகச் சொல்லிவிட்டார் என்று அதற்கும் முடிவு கட்டினார்கள். கொடி விறகாகிப் பந்தலோடு நின்றது. பிறகு அதையும் இறக்கிவிட்டார்கள்.

அக்கா அந்தக் காயிலும் பழத்திலும் வைன் செய்தார். புதுச் சாடியில், ஈர மணலில், வழக்கம்போல. ஆனால் காதை வைத்துக் கேட்கவில்லை. வைகாசியில் வடித்தார். நான் ஒரு வாய் குடித்தேன். பல்லுக் கூசியது, தொண்டை இழுத்தது, வேலி முழுக்கத் துப்பிவிட்டு வந்தேன். "தென்னையடியில ஊத்துவம்" என்றார் அக்கா. ஊற்றுவதற்கு முன் படலை திறந்தது.

தங்கராசா அண்ணையும் சிவலட்சுமி அக்காவும் கையில் வெறும் போத்தலோடு நின்றார்கள். வடித்த விஷயம் எப்படியோ ஊரில் தெரிந்துவிட்டது.

"இது சரிவரேல்லை அண்ணை, குடிக்கேலாது" என்றார் அக்கா.

"எங்களுக்கு ஒளிக்காதையும். ஒரு சொட்டு ஊத்தும் பாப்பம்."

அக்கா ஊற்றிக் கொடுத்தார். தங்கராசா அண்ணை ஒரே மூச்சில் விழுங்கினார். முகம் கோணிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துப்பப் போகிறார் என்று நான் விலகி நின்றேன். அவர் வேட்டித் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"இதுதான் பிள்ளை ரொனிக்! இவ்வளவு காலமும் நீர் தந்ததில ஒரு குடிவகைக் குணம் இருந்தது. குடிக்க நல்லாயிருக்கும், எண்டாலும் எனக்கு மனசுக்குள்ள ஒரு கூச்சம். இதில மருந்துக் குணம் தெரியுது."

"ஓமோம்" என்றா சிவலட்சுமி அக்கா, தானும் ஒரு வாய் விழுங்கிக் கண்ணை இறுக்கிக்கொண்டு. "வேரின்ர சத்து இறங்கியிருக்கு."

"இது பழுதாப்போன வைன் அண்ணை."

"என்ன பெயரையெண்டாலும் சொல்லும். இனி ஒவ்வொரு முறையும் இப்பிடியே செய்து தாரும், அது போதும்."

"எதில செய்யிறது?"

தங்கராசா அண்ணைக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "ஏன், சந்தையில முந்திரிகை மலிஞ்சுதானே கிடக்கு" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு தங்கராசா அண்ணை நீட்டின போத்தலை வாங்கி, கழுத்துவரை நிரப்பிக் கொடுத்தார்.